அப்பா சரியாகப் பேசியே மூன்று மாதமாகிறது. "வயசானா இப்படித்தான்" என்கிறார்கள், அப்படித்தானா?

பாகான் ஆஜாம் மகள் | ஞாயிறு, இரவு 10.40

வணக்கம். இங்கே இதுவரை படித்துவிட்டுப் போனதோடு சரி, எழுதியதில்லை. இன்றைக்கு எழுதாவிட்டால் தூக்கம் வராது போலிருக்கிறது.

அப்பாவுக்கு 71 வயது. பட்டர்வொர்த் துறைமுகத்தில் முப்பது வருடம் கிரேன் ஓட்டியவர். அம்மா இறந்து பதினாலு மாதமாகிறது. கருமாதி முடிந்து முதல் ஐந்தாறு மாதம் அவர்தான் எங்களைத் தேற்றினார். அப்புறம் ஒவ்வொன்றாக நின்றது. காலையில் மோட்டாரில் போய்க் கூட்டாளிகளோடு தே தாரேக் குடிப்பது நின்றது. விடிந்ததும் மின்னல் எஃப்எம் போட்டுவிடுவார், அதுவும் நின்றது. வருடா வருடம் தைப்பூசத்துக்கு முதல் நாளே ஃபெரி ஏறிப் போய், தண்ணீர்மலைச் சாலையோரம் கூட்டாளிகள் போடும் தண்ணீர்ப்பந்தலில் நின்று மோர் ஊற்றுவார். வெள்ளி ரதம் தாண்டிப் போகும்வரை உட்கார மாட்டார். இந்த வருடம் "நீங்க போய்ட்டு வாங்க, எனக்கு வயிறு சரியில்ல" என்று படுத்துவிட்டார்.

வயிறு, வயிறு என்றுதான் சொல்கிறார். எரிச்சல், உப்புசம். மூன்று தடவை கிளினிக், ஒரு தடவை ஆஸ்பத்திரியில் குழாய் விட்டும் பார்த்தார்கள். ஒன்றுமில்லை என்று வாயு மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். ஆனால் ஏழு கிலோ இளைத்திருக்கிறார். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்தால் விளக்குப் போடாமல் ஹாலில் உட்கார்ந்திருக்கிறார். "கவலையா இருக்காப்பா?" என்றால், "எனக்கென்ன கவலை?" என்கிறார். அவர் அழுது நான் பார்க்கவில்லை.

அண்ணன் ஜொகூரில் இருந்துகொண்டு சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர். "வயசானா இப்படித்தான், போட்டுப் படுத்தாதே" என்கிறார். அத்தை யாரோ ஏதோ செய்துவிட்டார்கள் என்கிறார். எனக்கு மனச்சோர்வாக இருக்குமோ என்று சந்தேகம். வயதானவர்களுக்கு இது சகஜமா? யாருக்கெல்லாம் வரும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


செந்தூல் வாசி | ஞாயிறு, இரவு 11.15

தங்கச்சி, படித்ததும் எங்கள் அம்மா ஞாபகம் வந்துவிட்டது. அவருக்கு வயிறு இல்லை, முழங்கால். இரண்டு வருடம் தைலம் தேய்த்தோம். பேரன் பிறந்தநாளுக்குக்கூட அறையை விட்டு வரவில்லை. நானும் உங்கள் அண்ணன் சொன்னதையேதான் சொன்னேன். இப்போது நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது. விடாதீர்கள்.


ஓய்வுபெற்ற மிஸ்ஸி | திங்கள், காலை 6.50

மகளே, அரசாங்கக் கிளினிக்கில் முப்பத்திரண்டு வருடம் தாதியாக இருந்தவள் நான், கடைசிப் பத்து வருடம் முதியோர் பிரிவில். நீ எழுதியதை இரவே படித்தேன். நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும் என்றுதான் காலைவரை வைத்திருந்தேன்.

முதலில் எண்ணிக்கை. நம் மலேசியாவில் சுகாதார அமைச்சு 2018இல் 60 வயதுக்கு மேற்பட்டவர்களை மட்டும் எடுத்து ஒரு தேசிய ஆய்வு செய்தது. அதில் மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தவர்கள் 11.2 விழுக்காடு, அதாவது ஒன்பது பேரில் ஒருவர். உன் அப்பாவோடு தே தாரேக் குடித்த மேசையை நினைத்துப் பார், அங்கே ஒருவர் இருப்பார். உலகச் சுகாதார நிறுவனம் 60ஐத் தாண்டியவர்களில் மனச்சோர்வு உள்ளவர்கள் சுமார் 5.7 விழுக்காடு என்று 2023இல் சொன்னது. இரண்டும் ஒத்துப்போகவில்லையே என்று குழம்ப வேண்டாம். கேள்வித்தாள் வைத்து அறிகுறிகளை எண்ணினால் எண்ணிக்கை கூடும், நோய் என்று உறுதியானவர்களை மட்டும் எண்ணினால் குறையும். இடைப்பட்டவர்களுக்கும் வேதனை வேதனைதான்.

எங்கே எண்ணுகிறோம் என்பதும் முக்கியம். அமெரிக்கக் கணக்கு ஒன்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்தார்கள், அது என் மனதை விட்டுப் போகவேயில்லை. வெளியே நடமாடிக்கொண்டிருக்கும் முதியவர்களில் கடுமையான மனச்சோர்வு 1 முதல் 5 விழுக்காடு வரைதான். ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர்களில் 11.5. வீட்டுக்கு ஆள் வந்து பராமரிக்க வேண்டிய நிலையில் இருப்பவர்களில் 13.5. வயது ஒன்றேதான். ஆளின் உடம்பும் நடமாட்டமும் மாறும்போது எண்ணிக்கை எப்படி ஏறுகிறது பார். வயதே காரணம் என்றால் மூன்று இடத்திலும் ஒரே அளவில்தானே இருக்க வேண்டும்? உன் அண்ணனுக்கு இதைச் சொல்.

அப்புறம் அந்த வயிறு. நம் பெரியவர்கள் யாரும் கிளினிக்கில் வந்து "எனக்கு மனச்சோர்வு" என்று சொன்னதே இல்லை. மலாய்க்கார மிஸ்ஸி "கெமுருங்ஙான்" என்று எழுதுவாள், டாக்டர் "டிப்ரெஷன்" என்பார். நம் ஆட்கள் சொல்வது "உடம்பு முடியல", "ஒண்ணும் பிடிக்கல", "நெஞ்சுல கல்ல வச்ச மாதிரி இருக்கு", "வாய் கசக்குது". அழ மாட்டார்கள். பசி போகும், தூக்கம் போகும், விடியற்காலையில் விழிப்பு வரும், பிடித்ததெல்லாம் கையை விட்டு நழுவும். முதியவர்களிடம் சோகத்தைவிடப் பிடிப்பு விட்டுப்போவதுதான் முன்னால் தெரியும்.

கிளினிக்கில் முதியோருக்கென்றே ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் உருவானது. முப்பது கேள்வி, பிறகு பதினைந்தாகச் சுருக்கினார்கள். ஆம், இல்லை என்றுதான் பதில். அதில் பசி, தூக்கம், வலி பற்றி வேண்டுமென்றே கேட்கவில்லை, ஏனென்றால் அவை வயதானவர்களுக்கு வேறு காரணத்தாலும் இருக்கும். பழக்கவழக்கங்களை விட்டுவிட்டீர்களா, வாழ்க்கை வெறுமையாகத் தோன்றுகிறதா, வெளியே போவதைவிட வீட்டிலேயே இருக்கத் தோன்றுகிறதா, இப்படிக் கேட்பார்கள். ஐந்துக்கு மேல் போனால் டாக்டர் உட்கார்ந்து பேச வேண்டும் என்று அர்த்தம். அதை மட்டும் வைத்து நோய் என்று முடிவு கட்டுவதில்லை.

கூட்டிக்கொண்டு போ. "அப்பா ஏழு கிலோ இளைத்துவிட்டார், பதினாலு மாதத்துக்கு முன் அம்மா இறந்தார், எதிலும் பிடிப்பில்லை" என்று இந்த மூன்றையும் ஒரே மூச்சில் டாக்டரிடம் சொல். வயிறு என்று மட்டும் சொன்னால் வயிற்றுக்குத்தான் மருந்து கிடைக்கும்.


ஜாலான் ஈப்போ அண்ணன் | திங்கள், மதியம் 1.05

தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், மனதில் பட்டதைச் சொல்கிறேன். எங்கள் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் எடுக்க மரம் வெட்டினவர். எட்டுப் பிள்ளை. பாட்டி 88 வயதுவரை இருந்தார். இந்த நோய்ப்பெயர் எதையும் நாங்கள் கேட்டதில்லை. மனைவி போனால் மனிதன் ஒடுங்கத்தானே செய்வான்? அது அன்பு. அதற்கு மாத்திரை கொடுத்து என்ன செய்யப் போகிறோம்? பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும் என்பது என் எண்ணம்.


நிபோங் திபால் பேரன் | திங்கள், இரவு 9.30

அண்ணே, மரியாதையோடு மறுக்கிறேன். தோட்டத்தில் பெயர் இல்லை, அவ்வளவுதான். நோய் இருந்தது.

எங்கள் தாத்தா தோட்டம் துண்டாடப்பட்ட வருடம் வேலை போனவர். இருபது வயதிலிருந்து பால் வெட்டிய மரங்களைச் சாய்த்தபோது போய் நின்று பார்த்தாராம். அதன்பிறகு குடி. "தாத்தா குடிகாரர்" என்றுதான் எங்களுக்குச் சொல்லி வளர்த்தார்கள். அவர் ஏன் குடித்தார் என்று யாரும் கேட்கவில்லை. முதுமையில் மதுவும் மனச்சோர்வும் ஒன்றை ஒன்று பிடித்து இழுக்கும் என்பதை நான் படித்துத் தெரிந்துகொண்டபோது எனக்கு வயது முப்பத்தாறு.

பாட்டி கதை இன்னும் வலிக்கும். தோட்டத்து லயத்தில் வாசலில் உட்கார்ந்தால் நாலு பேர் வந்து போவார்கள். கோழி, முருங்கை, கறிவேப்பிலை, மாரியம்மன் கோயிலில் வெள்ளிக்கிழமை விளக்கு, எல்லாம் கூப்பிடு தூரத்தில். எங்கள் மாமா அவரைக் கோலாலம்பூருக்குக் கொண்டுவந்து அடுக்குமாடியில் பதினோராவது மாடியில் வைத்தார். நல்ல எண்ணத்தில்தான். லிஃப்ட் பாதி நாள் ஓடாது. பக்கத்து வீட்டில் பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை, மாமாவும் அத்தையும் காலை ஏழுக்குப் போனால் இரவு எட்டுக்குத்தான் வருவார்கள். பாட்டி முதலில் சன்னல் பக்கம் உட்கார்ந்திருப்பார். பிறகு படுத்தே இருந்தார். கடைசியில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். நாங்கள் போனால் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி சுவரைப் பார்ப்பார். மாமா அவரைப் பட்டினி போடவில்லை, திட்டவில்லை. அந்த வீட்டில் பாட்டி செய்வதற்கு மட்டும் எதுவும் இல்லை.

நீங்கள் சொன்னது போலப் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெரியவர்களைத் தனிமையில் தள்ளுவது பிள்ளைகள் இல்லாதது மட்டும் இல்லை. வேலை, வாசல், செடி, கோயில், தானாக வெளியே போய்வரும் கால், எல்லாம் ஒரே சமயத்தில் போவதும்தான். பாகான் ஆஜாம் மகள், அப்பாவின் மோட்டார் இன்னும் இருக்கிறதா?


கேஎல் மருத்துவர் | செவ்வாய், இரவு 12.20

பணி முடிந்து இப்போதுதான் பார்க்கிறேன். இணையத்தில் யாருக்கும் நோய் கண்டுபிடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் மிஸ்ஸி சொன்னதோடு சேர்த்து உடம்புப் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். நம் சமூகத்தில் இது அடிக்கடி தவறிப்போகிறது.

மிஸ்ஸி சொன்ன அதே 2018 ஆய்வில், 60க்கு மேற்பட்டவர்களில் நீரிழிவு 27.7 விழுக்காடு, உயர் ரத்த அழுத்தம் 51.1 விழுக்காடு. நீரிழிவு உள்ளவருக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு இல்லாதவரைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. பக்கவாதம் வந்தவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. கை கால் விளங்காத துக்கம் ஒரு பக்கம், மூளையின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் கெட்டுப்போவது இன்னொரு பக்கம். எனவே "சர்க்கரைதானே, எல்லாருக்கும் இருக்கு" என்று சொல்லும் வீட்டில், அந்தச் சர்க்கரைக்காரரின் மனதையும் ஒரு கண் பார்க்க வேண்டும். இதய நோய், பார்க்கின்சன் நோய், நாள்பட்ட வலி, தூக்கமின்மை, காது மந்தம், முன்பே ஒரு தடவை மனச்சோர்வு வந்திருப்பது, இவையும் ஆபத்தைக் கூட்டும். பெண்களுக்கு ஆண்களைவிட அதிகம் வருகிறது. ஆண்கள் வாயைத் திறப்பதில்லை என்பதால் அவர்களுடையது தாமதமாகத்தான் தெரிகிறது.

மனச்சோர்வு மாதிரியே தோன்றும் வேறு கோளாறுகளும் உண்டு. தைராய்டு மந்தம் ஆளைச் சோர்வாக்கி மூலையில் உட்கார வைக்கும். பி12 வைட்டமின் குறைவும் அப்படித்தான். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் வருடக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறையலாம், சைவம் சாப்பிடுகிறவர் என்றால் இன்னும் கவனம். ஸ்டீராய்டு மாத்திரைகூட மனதைக் கலைக்கும். அதனால் ரத்தப் பரிசோதனை கேளுங்கள். அப்பா சாப்பிடும் எல்லா மாத்திரையையும், கடையில் வாங்கியது, நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். எடை குறைந்திருப்பதால் அதற்கு வேறு காரணம் இருக்கிறதா என்றும் பார்க்கத்தான் வேண்டும். வயிற்றை ஒரு தடவை பார்த்தாகிவிட்டது என்று அதை மூடிவிட வேண்டாம்.

மறதியும் இருந்தால் தனியாகச் சொல்லுங்கள். மனச்சோர்வில் கவனம் சிதறி மறதி நோய் போலவே தெரியும், சிகிச்சையில் அது தெளிவதும் உண்டு. மறதி நோயே மனச்சோர்வாகத் தொடங்குவதும் உண்டு. வெளியிலிருந்து பார்த்து எது எது என்று பிரிக்க முடியாது.

ஜாலான் ஈப்போ அண்ணனுக்கு: துக்கம் நோய் இல்லை, நீங்கள் சொல்வது சரி. துக்கம் அலை அலையாக வரும், இடையில் பேரப்பிள்ளையைப் பார்த்தால் முகம் மலரும், போனவரைப் பற்றிப் பேச்செடுத்தால் கண் கலங்கினாலும் பேசுவார். மனச்சோர்வு அப்படி இறங்கி ஏறாது. இரண்டு வாரத்துக்கு மேல், நாளின் பெரும்பகுதி, எதிலும் ஒட்டாமல், தன்னைத்தானே பயனற்றவராக நினைத்துக்கொண்டிருந்தால் அது வேறு.


பாகான் ஆஜாம் மகள் | செவ்வாய், காலை 7.45

எல்லாருக்கும் நன்றி. பஸ்ஸில் உட்கார்ந்து படித்து அழுதுவிட்டேன்.

நிபோங் திபால் அண்ணன் கேட்ட கேள்விதான் என்னைக் குத்தியது. மோட்டார் இல்லை. எட்டு மாதத்துக்கு முன்பு அதை விற்றது நானும் அண்ணனும்தான். சந்திப்பில் ஒரு கார்க்காரன் ஹார்ன் அடித்தது அப்பாவுக்குக் கேட்கவில்லை, மயிரிழையில் தப்பினார். பயந்து விற்றுவிட்டோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை, சாவியை எடுத்துக் கொடுத்தார். தே தாரேக் கடை இரண்டரைக் கிலோமீட்டர். அதற்கப்புறம்தான் எல்லாம் நின்றிருக்கிறது, நான் இதுவரை சேர்த்துப் பார்க்கவேயில்லை.

காதும் அப்படித்தான். டிவியைச் சத்தமாக வைப்பார், நாங்கள் குறைப்போம். இப்போது அவர் டிவியே பார்ப்பதில்லை. கூட்டத்தில் பேச்சுப் புரியாமல் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நாங்கள் அதை அமைதி என்று நினைத்தோம். அம்மாதான் அவர் காதருகே வந்து எல்லாவற்றையும் திருப்பிச் சொல்வார். அம்மா போனதும் அந்தக் குரலும் போய்விட்டது.

சர்க்கரைக்கு மாத்திரை பன்னிரண்டு வருடமாகச் சாப்பிடுகிறார். பெயர் பார்த்தேன், டாக்டர் சொன்ன அதே மாத்திரை.


கெப்போங் ஐயா | செவ்வாய், மாலை 5.10

பிள்ளைகளே, இதில் எழுதுகிறவர்கள் எல்லாம் மகனும் மகளுமாக இருக்கிறீர்கள். நான் அந்தப் பக்கத்து ஆள். வயது 74. உள்ளே எப்படி இருக்கும் என்று ஒருவராவது சொல்ல வேண்டும் அல்லவா.

எனக்கு வந்தது இதய அறுவை சிகிச்சைக்குப் பிறகு. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அடுத்த வருடம். அதுவரை காலை ஐந்தரைக்கு எழுந்து சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கிளம்பியவன். திடீரென்று நான் எவருக்கும் எதற்கும் தேவைப்படவில்லை. சோகம் என்று சொல்ல மாட்டேன். சோகமாவது ஒரு உணர்ச்சி. எனக்கு எல்லாம் மரத்துப்போயிருந்தது. பேத்தி வந்து மடியில் உட்கார்ந்தால் பாரமாக இருந்தது. அப்படி இருந்ததே எனக்குப் பெரிய குற்ற உணர்வு. சாப்பாடு மண் மாதிரி இருக்கும். விடியற்காலை மூன்று மணிதான் மோசம். ஊரே தூங்கும், நாம் செய்த தவறெல்லாம் வரிசையாக வந்து நிற்கும்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சொன்னால் பிள்ளைகளுக்குத் தொந்தரவு. மகன் வீட்டுக் கடன் கட்டுகிறான், மருமகளுக்கு இரவு வேலை. இதில் நான் வேறா என்று தோன்றும். "நாம போய்ட்டா இவங்களுக்கு ஒரு பாரம் குறையும்" என்று நினைக்கத் தொடங்கினேன். அது நோய் பேசும் பேச்சு என்று அப்போது எனக்குத் தெரியாது, அது நியாயமான கணக்கு மாதிரியே இருக்கும். யாராவது பெரியவர் "நான் இருந்து என்ன பண்ணப் போறேன்" என்று சொன்னால், "சும்மா அப்படிப் பேசாதீங்க" என்று வாயை அடைக்காதீர்கள். என் மருமகள் அடைக்கவில்லை. காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்து, "மாமா, செத்துப் போகணும்னு நினைக்கிறீங்களா?" என்று நேராகக் கேட்டாள். நான் ஆமாம் என்றேன். இரண்டு வருடத்தில் நான் சொன்ன முதல் உண்மை அது. அடுத்த நாளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள்.

மாத்திரை வேலை செய்ய ஆறு வாரம் ஆனது. முதல் இரண்டு வாரம் குமட்டல், விட்டுவிடலாம் என்றிருந்தது. கூடவே ஆலோசகரிடம் பேச்சு. ஒரு நாள் காலை சாம்பாரில் பெருங்காய வாசனை வந்தது. எவ்வளவு நாளாக வாசனையே தெரியாமல் இருந்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

ஜாலான் ஈப்போ தம்பி, மனைவி போனால் ஒடுங்குவது அன்பு என்றீர்கள். என் மனைவி உயிரோடு பக்கத்தில்தான் இருந்தாள், அப்படியிருந்தும் எனக்கு வந்தது.


தாமான் ஶ்ரீ மூடா அக்கா | செவ்வாய், இரவு 8.55

ஐயா எழுதியதைப் படித்துவிட்டு ஒன்று சொல்லத் தோன்றியது. அவர் மனைவியை யாராவது கேட்டீர்களா? என் அப்பாவுக்கு மறதி நோய். நாங்கள் எல்லாரும் அப்பாவைச் சுற்றி நின்றோம். இரவில் எழுப்பி, குளிப்பாட்டி, தேடிக்கொண்டு ஓடி, ஆறு வருடம் அம்மாதான் பார்த்தார். அம்மாவுக்கு 69. அவருக்கு முற்றிய மனச்சோர்வு என்று நாங்கள் தெரிந்துகொண்டது அவர் மயங்கி விழுந்த பிறகு. நோயாளியைப் பார்த்துக்கொள்கிற வயதானவருக்கும் இது வரும். வாரத்தில் ஒரு முழு நாளாவது அவரை விடுவியுங்கள்.


பிறை வாசி | புதன், காலை 10.15

யாரும் தொடாத விஷயம் ஒன்று. பணம். எங்கள் வீட்டு வரிசையில் ஒரு பெரியவர், ஈபிஎஃப் சேமநிதிப் பணத்தை எடுத்து மகன் வியாபாரத்துக்குக் கொடுத்தார். வியாபாரம் போனது, மகனும் வருவதில்லை. பெரியவர் இப்போது மின்சாரக் கட்டணத்துக்கு மகளிடம் கேட்க வேண்டும். கேட்கும் நாளெல்லாம் அவர் முகத்தைப் பார்க்க முடியாது. அந்த 2018 ஆய்விலேயே கொடுமைக்கு ஆளான முதியவர்கள் 9 விழுக்காடு என்று இருக்கிறது. அடி உதை மட்டும் கொடுமை என்று நினைக்கிறோம். பணத்தைப் பிடுங்குவது, கவனிக்காமல் விடுவது, வார்த்தையால் குத்துவது எல்லாம் அதில் சேரும். கையில் காசில்லாத, வீட்டில் மரியாதையில்லாத பெரியவருக்கு மனச்சோர்வு வராமல் என்ன செய்யும்?


ஓய்வுபெற்ற மிஸ்ஸி | புதன், இரவு 9.00

கெப்போங் ஐயா, உங்கள் மருமகளுக்கு என் வணக்கம். அப்படிக் கேட்டால் எண்ணத்தைத் தூண்டிவிடுவோமோ என்று பலர் பயப்படுகிறார்கள். தூண்டாது. கேட்பதுதான் கதவைத் திறக்கும்.

எங்கே போவது என்று மூன்று பேர் தனியாகக் கேட்டிருக்கிறார்கள். பக்கத்து கிளினிக் கெசிஹாத்தானில், அதாவது அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் தொடங்குங்கள், நேராக மனநல மருத்துவரைத் தேட வேண்டியதில்லை. அங்கேயே கேள்வித்தாள் வைத்துப் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுப்பார்கள். அரசாங்கத்தின் மெந்தாரி மனநல மையங்களும் இருக்கின்றன. சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் 15555. மனம்விட்டுப் பேச பெஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் 03-76272929, இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பார்கள். பிறை வாசி சொன்னது போன்ற நிலை என்றால் தாலியான் காசே என்ற உதவி எண், 15999. உயிரைப் பற்றிய பயம் இருந்தால் எதற்கும் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். போலீஸ் வரும் என்ற பயத்தில் மூடி மறைத்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய 309ஆம் பிரிவை 2023இல் நீக்கிவிட்டார்கள். அந்தப் பயம் இனி வேண்டாம்.

பகல் பொழுதுக்கு, சமூக நல இலாகாவின் முதியோர் நடவடிக்கை மையங்கள் உண்டு, பாவே என்பார்கள். உடற்பயிற்சி, கைவேலை, கூடிச் சாப்பிடுவது. நம் ஆட்கள் மொழிக்காகத் தயங்குவார்கள், முதல் இரண்டு வாரம் கூடவே போய் உட்கார வேண்டியிருக்கும்.


ஜாலான் ஈப்போ அண்ணன் | வியாழன், இரவு 10.30

நேற்று அம்மாவைப் பார்க்கப் போனேன். வழக்கமாகக் காசைக் கொடுத்துவிட்டு, காப்பி குடித்துவிட்டுக் கிளம்புவேன். நேற்று இரண்டு மணி நேரம் இருந்தேன். "அம்மா, ராத்திரி தூங்குறீங்களா?" என்று கேட்டேன். "நாலு வருஷமா யாரும் கேக்கல" என்றார்.

மாத்திரை விஷயத்தில் எனக்கு இன்னும் தயக்கம் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் திங்கள்கிழமை லீவு எடுத்திருக்கிறேன், கிளினிக்குக் கூட்டிப் போகிறேன். கெப்போங் ஐயா, நான் எழுதியது உங்களைப் புண்படுத்தியிருந்தால் மன்னியுங்கள்.


கேஎல் மருத்துவர் | வெள்ளி, காலை 6.30

அண்ணே, தயக்கத்தை டாக்டரிடமே சொல்லுங்கள். லேசான மனச்சோர்வுக்குப் பேச்சுச் சிகிச்சை, நடை, பகல் வெளிச்சம், பழைய வழக்கங்களை ஒவ்வொன்றாக மீட்பது, இவற்றிலேயே தொடங்கலாம். மருந்து தேவைப்பட்டால் முதியவர்களுக்குக் குறைந்த அளவில் ஆரம்பித்து மெல்ல ஏற்றுவோம். நீங்களாகக் கடையில் தூக்க மாத்திரை மட்டும் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். விழுந்து இடுப்பெலும்பு முறிந்து வருகிறவர்களை வாரம்தோறும் பார்க்கிறேன்.


பாகான் ஆஜாம் மகள் | ஐந்து வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 9.20

எப்படி இருக்கிறார் என்று கேட்டவர்களுக்கு.

கேள்வித்தாளில் அப்பாவுக்குப் பதினொன்று வந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் அவர் "ஆமா" என்று சொன்னபோது நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பி12 குறைவாக இருந்தது, ஊசி போடுகிறார்கள். தைராய்டு சரியாக இருக்கிறது. மனச்சோர்வுக்கு ஒரு மாத்திரை தொடங்கி நாலு வாரமாகிறது. ஒன்றரைக் கிலோ ஏறியிருக்கிறார். வயிறு வயிறு என்பது குறைந்திருக்கிறது. மூன்று மணி விழிப்பு இன்னும் இருக்கிறது. சில நாள் பழையபடி சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார், அந்த நாளில் எனக்குத் திரும்பப் பயம் வந்துவிடும்.

கூட்டாளி ஒருவர் வாரம் மூன்று நாள் காரில் வந்து கடைக்கு அழைத்துப் போகிறார். நான் போன் பண்ணிக் கேட்டபோது, "நாங்கதான் அவன் எங்கள வேணாம்னு ஒதுக்கிட்டான்னு நினைச்சோம்மா" என்றார். முதல் தடவை பத்து நிமிடத்தில் திரும்பக் கொண்டுவந்து விடச் சொல்லிவிட்டார். நேற்று ஒரு மணி நேரம் இருந்தார்.

காதுக்கருவி போன வாரம் கிடைத்தது. மாட்டிவிட்டதும் மேலே நிமிர்ந்து பார்த்து, "இந்தக் காத்தாடி இவ்வளவு சத்தம் போடுதா?" என்று கேட்டார். பிறகு அறைக்குள் போய் அம்மாவின் போனில் இருந்த பழைய குரல் பதிவை எடுத்துத் தரச் சொன்னார். கேட்டார். அழுதார். பதினைந்து மாதத்தில் அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

அண்ணன் இந்த வாரம் லீவு போட்டு வந்திருக்கிறார். ஒரு சந்தேகம்: இரண்டு நாளாக அப்பா லேசாகத் தலை சுற்றுகிறது என்கிறார். மாத்திரையால் இருக்குமா? நிறுத்திப் பார்க்கலாமா?


ஓய்வுபெற்ற மிஸ்ஸி | ஞாயிறு, இரவு 9.35

நீயாக நிறுத்தாதே. இந்த வகை மாத்திரையில் வயதானவர்களுக்கு ரத்தத்தில் சோடியம் குறைவது உண்டு, ரத்த அழுத்தமும் இறங்கலாம். காலையில் கிளினிக் திறந்ததும் கூட்டிப் போய் இரண்டையும் பார்க்கச் சொல். இன்றிரவு எழுந்தால் பாத்ரூமுக்குத் தனியாக விடாதே, அண்ணனை ஹாலில் படுக்கச் சொல். பேச்சுக் குளறினாலோ, ஆள் தடுமாறிக் குழம்பினாலோ காலைவரை வைத்திருக்காதே, அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோய்விடு. போய்ப் பார்த்துவிட்டு இங்கே எழுது, நான் விழித்திருப்பேன்.